ஐயருக்குக் கூழ் கிடையாது

“இவருக்கு நான் தரமாட்டேன்!”

செல்லியம்மாள் சொம்பை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். போதகர் தனசிங் நீட்டிய கை அப்படியே நின்றது.

வேதசிரோமணிக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? சபைச் செயலாளர் அவர். அவர் கண்ணெதிரிலேயே அவருடைய சபைப் போதகருக்கு ஒரு வாய்க் கூழ் இல்லையாம்!

விடியற்காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியபோது எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சபை வாலிபர் சங்கத்தின் பொங்கல் விடுமுறை நடைப்பயணம். பல்லாவரத்தில் இறங்கி, மலையேறி, இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள கணவாயைத் தாண்டி, கீழ்க்கட்டளைப் பக்கம் இறங்க வேண்டும். ஏரிக்கரைக்கு மாட்டு வண்டியில் வந்து சேரும் பிரியாணியை ஒரு கை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பனி கெடுத்தது. வெயில் ஏறவேண்டிய நேரத்திலும் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. கல் உடைக்கிற பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்ததில் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒருவழியாகக் கணவாய்க்கு வந்தபோது போதகருக்குத் தலைசுற்றல். தன் பங்குத் தண்ணீரையும் வாலிபர்களுக்கே கொடுத்துவிட்ட மனுஷன்!

நல்லவேளையாக அங்கே ஒரு குடிசை இருந்தது. ஆடு மேய்க்கிற செல்லியம்மாளின் குடிசை.

“அடப் பாவமே, பட்டணத்து ஜனங்க பனில மாட்டிகினீங்களா? கேவுரு கூழு கீது, குடிங்க” என்று அவளேதான் ஊற்ற ஆரம்பித்தாள். வேதசிரோமணி இரண்டு சொம்பு குடித்து, வெங்காயத்தையும் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் மகள் பியூலா சொன்னாள்: “எங்க ஐயருக்கு ஊத்துங்கம்மா. அவருக்கு மயக்கமா வருது.”

“இன்னாது? இவரா?”

செல்லியம்மாள் போதகரின் வெள்ளை வேட்டியையும் மேல்துண்டையும் ஏற இறங்கப் பார்த்தாள். சொம்பு பின்னால் போயிற்று.

“கூழ் தரலேன்னா தண்ணியாவது குடுங்களேன்!” என்று கெஞ்சினாள் பியூலா.

“தண்ணியும் தரமாட்டேன். பாவத்த என் தலையில கட்டாத தாயி.”

கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு செல்லியம்மாள் பனிக்குள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

“பார்த்தியா பியூலா?” என்று வெடித்தார் வேதசிரோமணி. “சுதந்தரம் வந்து இருபது வருஷம் ஆச்சு. இன்னும் ஆளைப் பார்த்துத்தான் தண்ணி ஊத்தறா! கேட்டா அரிவாளைத் தூக்கறா!”

“விடுங்க சார்” என்றார் போதகர், பாறையில் சாய்ந்தபடியே. “அந்தம்மாவுக்கு என்ன சங்கடமோ.”

“நீங்க சும்மா இருங்க ஐயரே! உங்களுக்காகக் கமிட்டியில சண்டை போட்டவன் நான். ‘சேரியில பொறந்தவர் நமக்குப் போதகரா’ன்னு நாலு பேர் கேட்டப்போ, ‘அவர் எங்க பொறந்தா உங்களுக்கென்ன’ன்னு மேஜையைத் தட்டினவன்! இந்த ஆட்டுக்காரி உங்களை அவமானப்படுத்துவா, நான் வேடிக்கை பார்க்கணுமா?”

வாலிபர்களுக்கு இந்தச் செய்தி புதிது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போதகரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, போதும்ப்பா” என்றாள் பியூலா.

“என்ன போதும்? எல்லாரும் சொம்பைக் கீழே வையுங்க! ஐயருக்கு இல்லாத கூழ் நமக்கும் வேண்டாம்!”

வேதசிரோமணி மூன்றாவது சொம்பைத் தியாகம் செய்தார்.

பனிக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையில் அரிவாளும் இடுப்பில் இரண்டு இளநீருமாகச் செல்லியம்மாள் மேட்டில் ஏறி வந்தாள். முழங்காலில் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வேதசிரோமணி விடவில்லை. “உனக்கு மனசாட்சி இருக்காம்மா? இவர் கை பட்டா உன் சொம்பு தீட்டாயிடுமா?”

செல்லியம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

“இன்னா சார் சொல்ற? என் சொம்புக்கு இன்னா தீட்டு? நான் கரைச்ச கூழைக் குடிச்சா அவுருக்கில்ல தீட்டு! ஐயருமாருங்க எங்க வூட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்களே. அதான் கெணத்தாண்ட ஓடி எளநி வெட்டியாந்தேன். இதுல யார் கையும் படல. குடி சாமி.”

சீவிய இளநீரைப் பயபக்தியோடு நீட்டினாள்.

பியூலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “ஐயோ, அவர் அந்த ஐயர் இல்லம்மா! நாங்க கிறிஸ்தவங்க. எங்க சபைப் போதகரைத்தான் நாங்க ஐயர்னு கூப்பிடறது!”

“அப்படியா சேதி? அப்ப என் கூழு குடிப்பாரா?”

“குடிப்பேம்மா, ஊத்துங்க” என்றார் போதகர். இளநீரையும் குடித்தார், கூழையும் அடி வண்டல் வரை குடித்தார். செல்லியம்மாளுக்கு முகமெல்லாம் பல்.

வேதசிரோமணி பெரிதாகச் சிரித்தார். “நல்ல கூத்து ஐயரே! நான் என்னடான்னா, இவ உங்களை...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

போதகர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் எங்க பொறந்தேன்னு இந்தம்மாவுக்கு எப்படி சார் தெரியும்? இந்த மலை மேல அது ஞாபகம் இருந்தது உங்களுக்கு மட்டும்தான்.”