அம்மாக்கண்ணு வீட்டுச் சீம்பால்

“ஒதைச்சிருச்சு! செம்பு போச்சு!”

மாட்டுக் கொட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. பூரணி சேற்றிலிருந்து எழுந்து சேலையை உதறினாள். இது மூன்றாவது உதை.

அவள் மாமியார் அம்மாக்கண்ணுவுக்கு அன்று கருமாதி. பந்திக்கு இலை போடுகிற நேரம் பார்த்து அவள் வளர்த்த பசு செவப்பி கன்று ஈன்றுவிட்டது. அவ்வளவுதான், தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வீட்டு வரிசையே இலையை விட்டு எழுந்து ஓடி வந்துவிட்டது.

“பொட்டக் கன்னு! அம்மாக்கண்ணுதான் திரும்பி வந்திருக்கு!”

“கொட்டிலப் பிரிக்கச் சொல்லித் தொரை வந்து நின்னப்போ அம்மாக்கண்ணு என்னா சொல்லுச்சு தெரியுமா? ‘இந்தப் பாலக் குடிச்ச புள்ளைங்கதான் தொரை நாளைக்கு ஒங்க மலையில கொழுந்தெடுக்கப் போகுது’ன்னுச்சே! தொரை திரும்பிக் குதிரையில ஏறிப் போயிட்டாரு!”

“லீக்ஸ் என்னா, கோவா என்னா! அது தோட்டத்து மரக்கறி வேகாத அடுப்பு இந்த லயத்துல உண்டா?”

“எம் பேரனுக்கு உசிரு குடுத்ததே அவ கறந்த பாலுதான்” என்றார் பழைய கங்காணி கந்தப்பன். “அந்தக் கைராசி இனி யாருக்கு வரும்?”

கேட்டுவிட்டுப் பூரணியைப் பார்த்தார்.

பூரணி கன்றிடம் குனிந்தாள். கன்று எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் பொழுது சாயும்வரை தாங்காது. மாமியார் கருமாதியன்றே அவள் மாட்டின் கன்றைச் சாகக் கொடுத்தவள் என்ற பெயர் ஆயுசுக்கும் போகுமா?

“கறக்கப் பழக்கிவிடுங்கன்னு அத்தைகிட்ட எத்தனை வாட்டி கேட்டேன்!” என்று புலம்பினாள்.

கறக்கிற நேரம் கொட்டில் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுவிடுவாள் அம்மாக்கண்ணு. ‘கண்ணு படும், அங்கிட்டுப் போ’ என்பாள். பெற்ற மகனுக்கும் அதே பேச்சுதான். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் தன்னைக் கடைசிவரை நம்பவில்லையே என்று பூரணிக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல்.

“வழி விடுங்க சாமி.”

கூட்டம் சட்டென்று ஒதுங்கியது. கீழ் லயத்து ராக்காயி. விடிவதற்கு முன்னால் வந்து அம்மாக்கண்ணு கொட்டிலில் சாணியை அள்ளி மரக்கறித் தோட்டத்தில் போட்டுவிட்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பெரட்டுக்கு ஓடுகிறவள். மேல் லயத்தில் யாராவது அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் தேங்காய்ச் சிரட்டையில்தான்.

“இவள யாரு கூப்புட்டது?” என்றார் கந்தப்பன்.

“சீம்பால் வாசம் கீழ் லயம் வரைக்கும் அடிச்சிருச்சு போல!” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ராக்காயி யாரையும் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு செம்போடு செவப்பியின் மடியருகே குந்தினாள்.

“ஒதைக்கும்! ஒதைக்கும்!”

செவப்பி உதைக்கவில்லை. தலையைத் திருப்பி அவள் தோளை ஒரு நக்கு நக்கியது. சர்ர், சர்ர் என்று செம்பு பாட ஆரம்பித்தது.

கறந்ததை மூங்கில் குழாயில் ஊற்றிக் கன்றின் வாயில் மெல்ல மெல்லப் புகட்டினாள். கன்று ஒரு தரம் செருமியது. முன்னங்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றியது.

“நிக்குது! ஏய், நிக்குது!”

ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கருமாதி வீட்டில் குலவையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராக்காயி மறுபடி உட்கார்ந்து செம்பு நிறையக் கறந்தாள். பூரணி சந்தோஷத்தில் உள்ளே திரும்பிக் கத்தினாள். “கித்துள் கருப்பட்டிய எடுத்து வைங்க! எல்லா வீட்டுக்கும் சீம்பால் போகணும்!”

“நில்லு!” என்றார் கந்தப்பன். “கன்னுக்குட்டி குடிச்சா குடிச்சிட்டுப் போகுது. கீழ் லயத்தா கறந்தத மனுசன் குடிக்க முடியுமா? கொட்டு அத!”

குலவை போட்ட வாய்களே “அதானே” என்றன.

ராக்காயி செம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். பூரணி பின்னாலேயே ஓடி மறித்தாள்.

“செவப்பிக்கு ஒங்கள எப்படித் தெரியும்?”

“தெனம் சாணி அள்ளுறவள மாட்டுக்குத் தெரியாதா தாயி?”

“சாணி அள்ளுற கைக்கு மடி சொரக்குமா?”

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். “விடுங்க தாயி. அந்த மகராசிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

பூரணி ராக்காயியின் கைகளைப் பார்த்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி மடங்கிப்போன மாமியாரின் விரல்கள் கண்முன் வந்தன. தான் இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து அந்த விரல்கள் ரொட்டிக்கு ஒரு பிடி மாவு பிசைந்ததில்லை. முந்தானையை முடிந்துவிடக்கூட அத்தை பூரணியைத்தானே கூப்பிடுவாள்? பிறகு அந்தக் கை எப்படி மாடு கறந்தது? சாக்கைத் தொங்கவிட்டு இத்தனை காலம் யாரை மறைத்தாள்?

திரும்பி வந்து செம்பை இரண்டு கையாலும் தூக்கினாள். நேரே கந்தப்பன் முன்னால் போய் நின்றாள்.

“இதைக் கொட்டிறலாம் மாமா. அத்தை கறந்ததுன்னு நம்பி இத்தனை வருசமா எல்லாரும் குடிச்சீங்களே, அதை எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க?”