விரல்பலகை அழுக்கு

“யாரும்மா இத வெச்சிருந்தவன்? ஜென்மத்துல கை கழுவுனதே இல்ல போலிருக்கு!”

அபுந்தியோ தன் பழுதுபார்க்கும் கடையில் ஒரு கிட்டாரின் விரல்பலகையைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அழுக்கு கறுப்பாகத் திரண்டு வந்தது. எண்ணெய் நனைத்த துணியால் அதை வழித்து வழித்துத் துடைத்தார்.

அதைக் கொண்டுவந்த யாரெட்சி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தூவிய மாங்காயைத் தின்றுகொண்டிருந்தாள்.

“எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? ஞாயித்துக்கிழமை சந்தையில வாங்குனது. அத விடுங்க, கிட்டார் தலையில போட்டிருக்கற கம்பெனி பேரு நெசந்தானா?”

“இது ஸ்டிக்கர். என் நெத்தியில ஒட்டுனா நானும் அமெரிக்காக்காரன்தான்.”

அவள் மாங்காய் புரையேறச் சிரித்தாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் வாசிக்க வேண்டும். யாரெட்சியின் இசைக்குழுவுக்குக் கிடைத்த முதல் அழைப்பு. அதற்குள் தந்தியின் ஒலியை வாங்கும் புது பிக்கப், புதுச் சுருதிச் சாவிகள் எல்லாம் போட்டு, எந்தக் கம்பெனிக் கிட்டார் என்றும் சொல்லியாக வேண்டும்.

அப்படிப் பார்த்துச் சொல்வதற்கு அபுந்தியோ யாரிடமும் காசு வாங்குவதில்லை. கடைப் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. மான்டெர்ரே நகரில் அவரை நல்ல மனுஷன் என்றார்கள்.

நல்ல மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு அவர் மகன் நெரேயோ, ஒரு கல்யாணத்தில் வாசிக்கக் குழுவோடு வேனில் வடக்கே போனான். ஐந்து பையன்களும் திரும்பவில்லை. வேனும் திரும்பவில்லை.

கடத்தல் கும்பல்களின் காது எங்கும் இருந்ததால், அதைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். டிரம்ஸ் வாசித்த பையனின் அம்மா போட்டோவை எடுத்துக்கொண்டு சந்தை சந்தையாகக் கேட்டுப் போனாள். அவளும் திரும்பவில்லை.

அதனால் அபுந்தியோ கிட்டார்களிடம் மட்டும் கேட்டார்.

நெரேயோவுடையது நீல நிறம். உடைந்து கிடந்த மலிவுச் சரக்கை வாங்கி அவரே சேர்த்துப் பூட்டியது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், கழுத்து உடம்போடு பொருந்தும் குழிக்குள் யார் கண்ணிலும் படாமல் பென்சிலால் ஏதாவது எழுதி வைப்பார்கள். எனவே நீலக் கிட்டார் வந்தால் முதல் வேலையாகக் கழுத்தைக் கழற்றிவிடுவார். இதுவரை பதினொன்று பார்த்தாயிற்று.

இது சிவப்பு. இவளும் அவசரப்படுத்தினாள். ஆகவே அழுக்கிலிருந்து ஆரம்பித்தார்.

பலகை பளபளவென்று ஆனது. கறுத்துப்போன துணியையும் கம்பி நாரையும் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

அப்போது ஏனோ எவெலியாவின் நினைவு வந்தது. அவர் மனைவி நான்கு வருஷமாக மகனின் தலையணை உறையைத் துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்கிறாள். அவ்வப்போது பிரித்து முகர்வாள். நாற்றம் பிடித்த துணி என்று போன மாதம்கூட அவர் கத்தினார். அந்த நாற்றம்தான் எனக்கு வேண்டும் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எந்தக் கம்பெனி என்று பார்க்க நான்கு திருகாணிகளையும் கழற்றிக் கழுத்தைத் தூக்கினார்.

குழியின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. அது எட்டாத இடத்தில் நீலம்.

உள்ளே பென்சில் எழுத்து. அவர் கையெழுத்து.

‘நெரேயோவுக்கு. கையைக் கழுவிட்டு வாசிடா. அப்பா.’

“என்ன மாஸ்டர், நல்ல கம்பெனியா?”

அவர் குழியைக் கையால் மூடிக்கொண்டார். “வித்தவன் யாரும்மா?”

“சாக்கு விரிச்சு வெச்சிருந்தான். பெல்ட்டு, பூட்ஸு, எல்லாம் பழசு. போன ஞாயித்துக்கிழமை மறுபடி போய்ப் பாத்தா அந்த எடத்துல ஒரு அக்கா தக்காளி விக்கறா. ஏன் மாஸ்டர்?”

சொன்னால் இவள் போய்க் கேட்பாள். வாய் சும்மா இருக்காத பெண்.

“சும்மாதான். இத என்கிட்டயே குடுத்துடேன். வேற நல்லதா ஒண்ணு தரேன்.”

“ஐயையோ, மாட்டேன்! இந்தக் கழுத்து என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

மேலும் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை. புது பிக்கப்பைப் பொருத்தினார். சாவிகளை மாற்றினார். கழுத்தை அந்த எழுத்தின் மேல் வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். தந்தி போட்டுச் சுருதி சேர்த்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

யாரெட்சி விரல்களை மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

“வழுவழுன்னு இருக்கு மாஸ்டர்! யாருமே தொடாத மாதிரி.”

அவள் போனதும் அபுந்தியோ குப்பைக் கூடையின் முன் மண்டியிட்டார். துணியையும் கம்பி நாரையும் எடுத்துத் தூசி படாமல் மடித்தார். நகக்கண்களிலும் அந்தக் கறுப்பு ஏறியிருந்தது. சோப்பு பக்கத்திலேயே இருந்தது. அவர் கை கழுவவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தார்.

“எவெலியா, அந்தத் தலையணை உறை வெச்சிருக்கியே... அந்தக் கவர்ல இன்னும் கொஞ்சம் எடம் இருக்கா?”