மூன்று நட்சத்திரக் கம்பெனி

"சகாவே, இதுக்கும் சமரம் செய்யப் போறியளா?"

பிரசிடெண்ட் ஜெயசிங் கேட்டதும், கூடியிருந்த இருபத்திரண்டு பெண்களும் பொன்னையனைப் பார்த்தார்கள்.

ஆரியங்கோட்டில் கால்மிதித் தொழிலாளர் சொசைட்டியின் பொதுக்குழு அது. முதலாளி பூட்டிவிட்டுப் போன கம்பெனியின் கேட்டில் முப்பத்தெட்டு நாள் உட்கார்ந்து சமரம் செய்து, மெஷின்களை வாங்கி, தாங்களே நடத்திவரும் சொசைட்டி. அந்த முப்பத்தெட்டு நாளும் முன்னால் உட்கார்ந்தவர் பொன்னையன். ஜெயசிங் அப்புறம் வந்தவர்.

இப்போது ரப்பர் கால்மிதிகள் குடோனில் கூரையைத் தொட்டு நின்றன. ஓணத்துக்குள் ஆர்டர் வராவிட்டால் பூட்டுதான். கையில் இருந்தது சர்க்கார் தந்த கடைசி கிராண்ட்.

"ரெண்டே வழி," என்றார் ஜெயசிங். "ஒண்ணு, ஷீஜாவும் கிருஷ்ணம்மாவும் சாம்பிளைத் தூக்கிட்டு நாகர்கோவில், மதுரைன்னு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கணும். இன்னொண்ணு, இதை வாங்கணும். ரெண்டுக்கும் கிராண்ட் பத்தாது."

மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் திருவனந்தபுரத்திலிருந்து அதைக் காரில் கொண்டுவந்த அஜேஷ். ஜெயசிங்கின் மச்சினன்.

"மச்சினன்னு பாக்காண்டாம். சரக்கு நல்லதாக்கும்," என்றார் ஜெயசிங்.

அஜேஷ் ஒரு சிடியைப் போட்டான். "இருபதாயிரம் கம்பெனி இதில உண்டு. முதலாளி யாரு, எத்தனை தொழிலாளி, போன் நம்பர் எல்லாம் வரும். நம்ம சரக்கை யாரு வாங்குவாங்கன்னு இதுவே சொல்லும். மூணு நட்சத்திரம் இருந்தா வாங்குவாங்கன்னு உறப்பு."

"இந்தப் பெட்டி கால்மிதியைச் சுமந்துட்டும் போவுமா?" என்றாள் ஷீஜா. அவள் காலடியில் சாம்பிள் பை தயாராக இருந்தது.

பெண்கள் சிரித்தார்கள். ஜெயசிங் சிரிக்கவில்லை.

"காலம் மாறியாச்சு மக்கா. கம்ப்யூட்டர் வேண்டாம்னு கொடி பிடிச்சவங்க பேச்சைக் கேட்டா நாம இஞ்சயே கிடக்க வேண்டியதுதான்."

அந்தக் கொடியைப் பிடித்தவர் பொன்னையன். அவர் ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம பக்கத்துக் கம்பெனியைக் காட்டு மக்கா."

பதினெட்டுப் பெயர்கள் வந்தன. பொன்னையன் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது?"

அஜேஷ் வாசித்தான். "வேணாடு ஸ்டார்ச் டிரேடர்ஸ், உதியன்குளங்கரை. முதலாளி சி.ராகவன். அறுபது தொழிலாளி. மூணு நட்சத்திரம்."

"இதெல்லாம் சரிதானான்னு யாரு பாத்தது?"

"எங்க ஆளுங்க வருஷா வருஷம் நேர்ல போய்ப் பாப்பாங்க."

பொன்னையன் திரும்பினார். "பிரசிடெண்ட் பாத்தியளா?"

"பதினெட்டு இடத்துக்கும் போனேன். பஸ்சிலயாக்கும் போனது. சொசைட்டியில ஒரு பைசா எடுக்கல்ல."

"இந்த ராகவனையும் பாத்தியளா?"

"பின்ன? போன செவ்வாய்க்கிழமை பாத்தேன். தங்கமான மனுஷன். டீ வாங்கித் தந்தாரு. ஐந்நூறு கால்மிதி எடுக்கலாம்னு வாக்குத் தந்தாரு."

பொன்னையன் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அப்படின்னா எனக்கு எதிர்ப்பு இல்ல."

ஷீஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேட்டில எங்களை வெயில்ல உக்கார வச்சது நீங்களாக்கும் சகாவே. இப்ப நீங்களும் அந்தப் பக்கமா?"

பொன்னையன் செக்ரட்டரி ரத்னபாயைப் பார்த்தார்.

"பிரசிடெண்ட் சொன்னதை மினிட்ஸில எழுது. கிழமையைச் சேத்து எழுது."

"டீயையும் எழுதணுமா?"

"டீயை விட்டுராதே."

ரத்னபாய் நிதானமாக எழுதி வாசித்துக் காட்டினாள். 'பதினெட்டுக் கம்பெனிக்கும் பிரசிடெண்ட் நேரில் சென்றார். செவ்வாய்க்கிழமை வேணாடு ஸ்டார்ச் முதலாளி சி.ராகவன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஐந்நூறு கால்மிதி எடுப்பதாக வாக்குக் கொடுத்தார்.'

"அட, எல்லாம் எழுதியாச்சே," என்று சிரித்தபடி ஜெயசிங் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஷீஜா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"நில்லு மக்கா," என்றார் பொன்னையன். "இதைக் கேட்டுட்டுப் போ."

ரத்னபாய் மினிட்ஸ் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னையன் தொடர்ந்தார்.

"எமர்ஜென்சி காலத்தில உதியன்குளங்கரையில ஒரு ஓலைக் கொட்டகை போட்டோம். உள்ளே நோட்டீஸ் அடிக்கிற மெஷின். போலீசுக்குச் சந்தேகம் வராம இருக்க வாசல்ல ஒரு போர்டு மாட்டினோம். வேணாடு ஸ்டார்ச் டிரேடர்ஸ். கம்பெனி டைரக்டரிக்குப் பேர் எழுத ஒருத்தன் வந்தான். அவனை விரட்டினா சந்தேகம். அறுபது தொழிலாளின்னு சொல்லி அனுப்பினோம். அந்தக் கொட்டகையைப் பிரிச்சு இருபத்தொரு வருஷமாச்சு."

"அறுபது எங்க?" என்றாள் ரத்னபாய். "நோட்டீஸ் எழுத நான். மெஷினைச் சுத்த இன்னொரு ஆள்."

முதலில் சிரித்தது கிருஷ்ணம்மா. பிறகு ஷெட்டே சிரித்தது. அஜேஷ் சத்தமில்லாமல் வயரைச் சுருட்டத் தொடங்கினான். ஷீஜாவின் பை மேசைக்கு வந்தது, கம்ப்யூட்டர் இருந்த இடத்துக்கே.

"சாம்பிளோட இவங்க போறதுக்குச் சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க," என்றாள் ரத்னபாய்.

இருபத்திரண்டு கைகளும் உயர்ந்தன.

ஜெயசிங் விடவில்லை. "இது வேற ராகவன் சகாவே. நான் டீ குடிச்சது உண்மையாக்கும்."

பொன்னையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர்ல வேணாடு ஸ்டார்ச் ஒண்ணுதான், ராகவனும் ஒருத்தன்தான். போலீசுக்குப் பயந்து நான் வச்சுக்கிட்ட பேராக்கும் அது. உங்களுக்கு எப்ப டீ வாங்கித் தந்தேன்னுதான் எனக்கு ஓர்மை இல்ல."