ஒருத்தியும் வாய் திறக்கல

மலேசியாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெளிநாட்டு உதவியில் நடந்த பெண்கள் தலைமைத்துவப் பயிற்சி அன்றோடு முடிவதாக இருந்தது. ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி சாலிஹா கேட்டார்:

“உங்கள்ல யாரு தலைவியா வருவீங்க?”

நாற்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

“செல்லாயி, நீங்களாவது பேசுங்களேன்.”

“பயமா இருக்குங்க மேடம். வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் சொல்லணும்.”

சாலிஹா பெருமூச்சு விட்டார். ‘துளியும் தன்னம்பிக்கை இல்லை. பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்கவும்’ என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

கார் மறைந்ததும் செல்லாயி எழுந்து நின்றாள்.

“நான் சொன்ன மாதிரியே ஒருத்தியும் வாய் திறக்கல, நல்லது லா! பயிற்சி நடந்தாத்தானே அவங்க அனுப்புற நர்ஸ் நம்ம பிள்ளைங்களைப் பாக்க வருவாங்க?”

“அடுத்த வருஷம் என்னக்கா செய்றது?”

“அதுக்குள்ள மானேஜரை நெருக்கி, நாம வேலைக்குப் போறப்ப பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகைக்கே நிரந்தரமா ஒரு நர்ஸ் வாங்கிடலாம். அப்புறம் நமக்குத் தைரியம் வந்துடுச்சுன்னு மேடம்கிட்ட சொல்லிக்கலாம்.”