இலவசமாக ஒரு முயல்

வண்டியின் பின்னால் நின்ற நாயைப் பார்த்ததுமே மெரின் கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டாள். ஒட்டிய வயிறு, குச்சிக் கால்கள், காதுக்குள் பச்சை குத்திய எண், வாயில் கம்பிக்கூடு. சந்தேகமே இல்லை, பந்தய நாய்.

"முயல் விளம்பரம் போட்டது நீங்கதானேம்மா? என் பேரு டெஸ். அது விஷயமாத்தான் வந்தேன்" என்றார் வாசலில் நின்ற பெரியவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

நாய்ப் பந்தயத்துக்குப் பேர்போன ஹன்டர் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த மெரினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடப் பழகும் நாய்க்கு வெறியேற்ற, முன்னால் ஓடவிடும் பொம்மை முயலுக்குப் பதிலாக உயிருள்ள முயலைக் கட்டி இழுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். தடைச் சட்டம் அது பாட்டுக்கு இருக்கிறது.

"நாய் யாரோடது?"

"என்னோடதுதான். இப்ப ஓடறதில்ல, கால் போச்சு."

"அதனால புதுசா ஒண்ணு பழக்கறீங்களாக்கும்."

"அந்தப் பொழப்ப விட்டு ஆறு வருஷம் ஆச்சும்மா. நீங்க இலவசம்னு போட்டிருக்கீங்களே, அதப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு..."

"இலவசந்தான். ஆனா உங்களுக்கு இல்ல."

கதவைச் சாத்தினாள். அவர் இன்னும் இரண்டு முறை தட்டினார். திரையை விலக்கிப் பார்த்தால், வாசல் கேட்டருகே நின்று தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவன் நோட்டம் விடுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பும்வரை அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

உள்ளே, கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே அவளுடைய முயல் பிஸ்கட் காரட் தழையைக் கொறித்துக்கொண்டிருந்தது. நான்கு வருடம் மடியிலேயே வளர்ந்தது. நியூகாசில் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வாடகை வீட்டுக்காரரோ பிராணிகள் கூடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை லாரி வந்துவிடும், அதற்குள் இதை ஒரு நல்ல கையில் ஒப்படைத்தாக வேண்டும்.

பதினொரு மணிக்கு, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு லொரேன் என்று ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பூப்போட்ட சட்டை, கையில் தேங்காய்ப்பூ தூவிய கேக் ஒரு தட்டு. "நேத்து சர்ச்சுல வித்தது போக மிச்சம். வெறுங்கையோட வர்றதான்னு எடுத்துட்டு வந்தேன்."

மெரின் அதில் ஏமாறத் தயாராக இல்லை. காருக்கே போய் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டில் குழந்தை உட்காரும் இருக்கை, ஒரு கிலுகிலுப்பை. ஒரு நாய்முடி கூட இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல நாய் ஏதாவது..."

"என் பேத்திக்கு நாயைக் கண்டாலே நடுக்கம் கண்ணு. நீ கேக்கறதுதான் சரி. இந்தக் காலத்துல யாரை நம்பறது?"

காலையில் வந்த கிழவரைப் பற்றி மெரின் கொட்டித் தீர்த்தாள். லொரேன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "ச்சே, மனுஷங்களா இவங்கல்லாம்" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தபோது, மெரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூண்டையும், பாதி தீர்ந்த தீனி மூட்டையையும், வைக்கோல் கட்டையும் காரில் ஏற்றப்போனாள்.

"அதெல்லாம் எதுக்கு கண்ணு, இடத்த அடைச்சுக்கிட்டு? முயல மட்டும் குடு, போதும்."

பிஸ்கட்டின் நெற்றியில் முத்தமிட்டு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். உள்ளே வந்து முகம் கழுவிய பிறகுதான் கொடிக்கம்பியில் கிடந்த நீலத் துண்டு கண்ணில் பட்டது. அது இல்லாமல் பிஸ்கட் தூங்காது.

துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, கார் இன்னும் கிளம்பவில்லை. கண்ணாடி இறங்கியிருந்தது. லொரேன் அந்தப் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"முயல் கெடச்சிருச்சுடா, நாய்ங்களுக்கு இன்னிக்குத் தீனி போடாத."