ஆப்பு பிடுங்கிய கோடாரி

"அக்கா, உன் கட்டைவிரல் படத்துல விழுது. அதையும் சேத்து விக்கணுமா?" என்று, கைப்பேசியில் படம் பிடிக்கும் அக்காவிடம் தம்பி சிரிக்கிறான். கொல்லையில் காலை வெயில். முன்பு வெறும் ஆசைக்காகக் காட்டில் தங்கி விறகு பிளந்தவன், இப்போது கம்பெனி அனுப்பும் கோடாரிகளைக் கைப்பேசி வீடியோவில் விற்றுக்கொடுக்கிறான். அசிங்கமாகத் தெரிகிறதென்று, இன்றைய கோடாரியின் பிடியில் இரும்பை இறுக்கும் ஆப்பை நேற்றுப் பிடுங்கி மெழுகு அடைத்திருக்கிறான். "ஆப்பு இல்லாம வெட்டலாமாடா?" "ரெண்டே வெட்டுதான்க்கா." முதல் வெட்டில் கட்டை பிளக்கிறது. இரண்டாவதற்குத் தலைக்கு மேல் ஓங்கும்போது இரும்பு கழன்று அவன் கழுத்தில் இறங்குகிறது. ரத்தம் சுவர்வரை பீறிடுகிறது. வெறும் பிடியோடு மண்டியிட்டுச் சாய்கிறான். அக்கா ஒரு கையால் கழுத்தைப் பொத்துகிறாள்; விரலிடுக்கெல்லாம் சூடாக வழிந்து, மெல்ல நிற்கிறது. "கண்ணத் தொறடா!" அவன் திறக்கவில்லை. மறுகையில் கைப்பேசி இன்னும் படம் பிடிக்கிறது. ஓரத்தில் அவள் கட்டைவிரல்.