டீ டிரம்

விலங்குகள் அறிவியல் கழகத்தின் ஆண்டு மாநாடு. இளம் ஆய்வாளர்களின் போஸ்டர்களை வழக்கம்போலப் பின்பக்க வராந்தாவில் மாட்டியிருந்தார்கள். தன் போஸ்டர் அருகே காலையிலிருந்து நின்ற மின்மினியிடம் ஒருவரும் வரவில்லை.

புதிய தலைவி கொக்கு, செயலாளர் ஆமையைக் கூப்பிட்டாள். "டீ டிரம்மைத் தூக்கி வராந்தாவில் வைங்க."

"பெரிய விஞ்ஞானிகள் அவ்வளவு தூரம் வருவாங்களா, மேடம்?"

"டீக்கு வருவாங்க."

வந்தார்கள். கப்போடு நின்ற யானை, மின்மினியின் வரைபடத்தைப் பார்த்து, "இது தப்பாச்சே" என்றது. மின்மினி பளிச்சென்று எரிந்தபடி விளக்கியது.

"அடடே, அப்போ என் புத்தகம்தான் தப்பு. இன்னொரு தடவை சொல்லும்மா."

கூட்டம் நெருக்கியடித்தது.

சற்று நேரத்தில் ஆமை மூச்சிரைக்க ஓடிவந்தது. "மேடம், டீ மொத்தமும் ஆறிப்போச்சு, கப்புல வாங்கினவங்ககூடக் குடிக்கல. நானும் போய்க் கேட்கட்டுமா? அடுத்த போஸ்டர்ல தும்பி பேசப்போகுது."